எனக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்த பெட்டி

செஞ்சியில் ஒரு சாயங்காலம் எனக்காகத் துக்கமணி அடித்தார்கள். அதை என் இரண்டு காதாலும் கேட்டவன் நான். கேட்டதோடு நிற்கவில்லை. ‘ஐயோ பாவம், யாரோ’ என்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, போனவரின் ஆன்மாவுக்காக நடந்துகொண்டே ஒரு ஜெபமும் சொன்னேன். தனக்குத்தானே நித்திய இளைப்பாற்றி வேண்டிக்கொண்ட ஆள் எங்கள் பங்கில் முன்னும் இல்லை, பின்னும் இல்லை என்று எங்கள் கோயில் உபதேசியார் தம் கடைசிக் காலம்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது நான் பட்டாளத்தில் இருந்தேன். அறுபதுகளின் தொடக்கத்தில் சேர்ந்தவன். ஆள் எடுத்த இடத்தில் ஒரு சுபேதார் “எந்த ஊர்?” என்று கேட்டார். செஞ்சி என்றேன். “கோட்டை இருக்கிற ஊரா? அப்படியானால் மலை ஏறுவாய், இல்லையா?” என்றார். “தினம் ராஜகிரி ஏறி இறங்கிய பிறகுதான் சார் பல்லே விளக்குவேன்” என்றேன். உண்மையில் ராஜகிரியை நான் பார்த்ததெல்லாம் எங்கள் வீட்டுக் கொல்லையிலிருந்துதான். வெளியூர்க்காரர்கள் வந்து மூச்சு இரைக்க ஏறுவார்கள். நாங்கள் கீழே நின்று, ‘இப்படிப் போங்க, படிக்கட்டு இருக்குது’ என்று கையை நீட்டுவோம். பள்ளிக்கூடத்தில் ஒருமுறை எல்லாரையும் கூட்டிப்போனபோதுகூட, பாதி வழியில் வயிற்றுவலி என்று உட்கார்ந்து, மற்றவர்களின் சோற்று மூட்டைக்குக் காவல் இருந்தேன். அவர்கள் இறங்கி வந்தபோது மூட்டை கொஞ்சம் இளைத்திருந்தது.

அந்த ஒரு பொய்க்கு நான் கொடுத்த விலையை என் முழங்கால்களைக் கேட்டால் தெரியும். எங்கே மலை வந்தாலும், “கூப்பிடு அந்தச் செஞ்சிக்காரனை” என்பார்கள். எங்களை அனுப்பியதோ நாகா மலைக்கு. அங்கே மலையைத் தவிர வேறு ஒன்றுமே வராது.

எங்கள் தெருவில் யாருக்கும் அந்தச் சண்டை சரியாகப் புரிந்ததில்லை. சீனாக்காரனோடு சண்டை என்றால் புரிந்தது. மளிகைக் கடைக்காரர்கூட அதற்கு யோசனை சொல்வார். இது வேறு. அந்த மலைக்காரர்களில் ஒரு பகுதியினர், தங்கள் மலை தங்களுக்கே தனி நாடாக வேண்டும் என்று துப்பாக்கி எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போயிருந்தார்கள். அவர்களைத் தேடிப் பிடிக்க நாங்கள் போயிருந்தோம். காட்டில் இருப்பவனின் அம்மாவும் தங்கையும் ஊருக்குள் இருந்தார்கள். அந்த ஊரைச் சுற்றி மூங்கில் வேலி கட்டி, வாசலில் நாங்கள் காவல் நின்றோம். காலையில் லாரிகள் புறப்படும் முன்னால் ரோட்டை நடந்து பார்க்க வேண்டும். மூன்று பக்கம் மேகம், நாலாவது பக்கம் அட்டை. எந்த வளைவில் எவன் படுத்திருக்கிறான் என்று தெரியாது. ஒருமுறை எனக்கு முன்னால் நடந்த இரண்டு பேர் அப்படி ஒரு வளைவில் விழுந்தார்கள். சுட்டவனை நாங்கள் பார்க்கவே இல்லை. அதற்குப் பிறகு வளைவு வந்தாலே, வேடிக்கை பேசிக்கொண்டு வரும் என் வாய் தானாக மூடிக்கொள்ளும். என் கூட்டாளிகளுக்கு அது ஒரு எச்சரிக்கை மணிபோல ஆகிவிட்டது: செஞ்சிக்காரன் பேச்சை நிறுத்தினால் துப்பாக்கியைச் சரியாகப் பிடி என்பார்கள்.

எனக்குப் பெரும்பாலும் வாசல் காவல்தான் விழும். அந்த ஊர்ப் பெண்கள் கூடையை முதுகில் போட்டு, அதன் பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு வயலுக்குப் போவார்கள். கூடைக்குள் கையை அடிவரை விட்டுத் துழாவ வேண்டும்; ஒரு ஆள் தின்பதற்கு மேல் அரிசி இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும், மிச்சம் காட்டுக்குப் போய்விடும் என்பது உத்தரவு.

அவர்களில் ஒரு அம்மா. கழுத்தில் எங்களைப் போலவே சிறிய சிலுவை. அவள் கூடையின் மேலாக எப்போதும் இலைப் பொட்டலங்கள் அடுக்கியிருக்கும். அவர்கள் ஒரு வகைப் பயற்றை வேகவைத்து, இலையில் பொதிந்து, அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுப் புளிக்க வைப்பார்கள். பக்குவம் வந்துவிட்டதா என்பதை மூக்குதான் சொல்லும். பக்கத்து மலையில் இருக்கும் மூக்கும் சொல்லும். நான் மரக்காணத்துக் கருவாட்டில் வளர்ந்தவன். நாற்றத்துக்கு அஞ்சுகிற குடும்பம் இல்லை. ஆனாலும் அந்தக் கூடை அருகே வந்தால் என் கை தானாக மூக்குக்குப் போய்விடும். “போம்மா, போ, போ” என்று தமிழிலேயே விரட்டிவிடுவேன். அடிவரை துழாவுகிற வேலையை அவள் கூடையில் மட்டும் நான் ஒருநாளும் செய்ததில்லை.

பிறகு அறுபத்து நாலாம் வருஷம் வந்தது. இரண்டு பக்கமும் சுடுவதை நிறுத்துவது என்று பேசி முடித்தார்கள். எங்களை வரிசையில் நிறுத்தி அதைச் சொன்னபோது ஒருவன் அங்கேயே உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிவிட்டு அழுதான். நான் கெக்கெக்கே என்று சிரித்தேன். எனக்குச் சிரிப்பை நிறுத்தத் தெரியவில்லை. தண்ணீர் கொடுத்துத்தான் நிறுத்தினார்கள்.

சில நாள் கழித்து அந்த அம்மா ஓர் ஒல்லிப் பையனோடு வாசலுக்கு வந்தாள். பையன் என்றால் என் வயசு இருக்கும். இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எங்களோடு இருந்த துபாஷி, மொழிபெயர்க்கிற உள்ளூர்க்காரர், சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்:

“இவன் இந்த அம்மாவின் மகன். காட்டில் இருந்தவன். உன் மூக்குக்கு நன்றி சொல்ல வந்திருக்கிறான்.”

“என் மூக்குக்கா?”

“உன் மூக்கு இன்னும் கொஞ்சம் தைரியமாக இருந்திருந்தால், இவன் பட்டினி கிடந்து செத்திருப்பானாம்.”

எந்தப் பையனைத் தேடி நான் அத்தனை மலை ஏறினேனோ, அவனுக்கு என் காவல் வாசல் வழியாகவே சோறு போயிருக்கிறது! எனக்கு முன்னால் விழுந்த அந்த இரண்டு பேரை நினைத்தேன். அவன் பக்கமும் விழுந்தவர்கள் இருந்திருப்பார்கள், அவனும் நினைத்திருப்பான். அவன் கையை நீட்டினான், நான் பிடித்துக் குலுக்கினேன். கல்யாணம் ஆயிற்றா என்று அந்த அம்மா கேட்கச் சொன்னாள். ஆயிற்று என்றதும், “உன் பெண்டாட்டிக்கு” என்று இரண்டு இலைப் பொட்டலங்களை என் கையில் திணித்தாள்.

கல்யாணம் ஆகி ஒரு மாதம்கூட வீட்டில் இருந்தவனில்லை நான். என் மனைவி வல்லத்துக்காரி. நான் கிளம்பும்போது, தாய்வீட்டிலிருந்து ஒரு கனத்த பூட்டு கொண்டுவந்து என் டிரங்குப் பெட்டிக்குப் போட்டு, சாவியைத் தன் கையால் என் அரைஞாண் கயிற்றில் முடிந்துவிட்டாள். “ஊடு வந்து சேர்ற வரிக்கும் இது இடுப்ப வுட்டு எறங்கக் கூடாது” என்றாள். அதற்குப் பிறகு வருஷம் ஓடிப்போயிற்று. சண்டை நின்றதும் மழையில் ரோடு சரிந்து, எங்கள் கடுதாசிகள் எங்கேயோ மாட்டிக்கொண்டன. வீட்டில் பல வாரமாக என்னைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. அந்த நேரத்தில்தான் எனக்கு லீவு கிடைத்தது. ‘சொல்லாமல் போய் நின்றால் எல்லாரும் எப்படித் திகைப்பார்கள்!’ என்று யோசித்த மூளை என்னுடையது. திகைத்தார்கள், அதில் குறையொன்றும் இல்லை.

வழக்கம்போலச் சாவியை அவிழ்க்காமலே, இடுப்பைப் பெட்டியோடு ஒட்டிக் குனிந்து திறந்து, பொட்டலங்களை வைத்துப் பூட்டினேன். கருவாட்டுக் குழம்பில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று பீற்றிக்கொள்கிற என் மனைவியின் மூக்கை ஒரு கை பார்ப்பது என்பது என் திட்டம். ரயிலில் அதற்குக் கிடைத்த மரியாதையைச் சொல்ல வேண்டும். கல்கத்தா தாண்டியதும் என் பலகை முழுவதும் எனக்கே. காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, ராஜா மாதிரி வந்தேன். திண்டிவனத்தில் இறங்கும்போது என் மூக்கு முழுக்கச் செத்துப்போய், பெட்டி மணக்கிறதா நாறுகிறதா என்றே எனக்குத் தெரியாமல் போயிருந்தது.

அன்றைக்கு அமாவாசை. மேல்மலையனூர் அம்மனைப் பார்க்கப் போகிற கூட்டம் செஞ்சி பஸ்ஸில் பிதுங்கிக்கொண்டிருந்தது. கண்டக்டர் என் பெட்டியைப் பார்த்ததும் துண்டால் மூக்கைப் பொத்தினார்.

“யோவ் பட்டாளம், இன்னாய்யா பொட்டியில? பொணம் கிணம் கொண்டாந்தியா?”

“பொண்டாட்டிக்குப் பலகாரம்ணே.”

“நல்லா இருப்பா உம்பொண்டாட்டி! மேல போடுய்யா, மேல போடு.”

பெட்டியை மேலே ஏற்றிவிட்டு, பஸ் கிளம்ப நேரம் இருக்கிறது என்று எதிர் ஓட்டலுக்குள் நுழைந்தேன். இட்லியும் வடகறியும். வருஷக்கணக்காக ரொட்டியும் டப்பாச் சாப்பாடும் தின்ற வாய். “இன்னும் ரெண்டு வைய்யா” என்றேன். பிறகு இன்னும் இரண்டு. கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தால், பஸ் நின்ற இடத்தில் ஒரு ஆடு நின்றுகொண்டிருந்தது. அந்த நெரிசலில் நான் உள்ளே எங்கேயோ நசுங்கிக் கிடக்கிறேன் என்று கண்டக்டர் நினைத்துக்கொண்டார் போலும்.

அடுத்து வந்த பஸ்களில் கால் வைக்க இடமில்லை. பட்டாளத்து உடுப்பு வேறு வியர்வையில் ஊறியிருந்ததால், அதைக் கழற்றித் தோளில் தொங்கிய துணிப்பையில் சுருட்டி வைத்துவிட்டு, அதிலிருந்த வேட்டிக்கும் துண்டுக்கும் மாறினேன். மத்தியானம் போய், வெயில் சாய ஆரம்பித்த பிறகு ஒரு மல்லாட்டை லாரிக்காரர் மனமிரங்கினார். மூட்டைகளுக்கு மேலே உட்கார்ந்து, நிலக்கடலையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு வந்தேன்.

இதற்குள் செஞ்சியில் நடந்தது எனக்குத் தங்கை சொல்லித்தான் தெரியும். அவளுக்கு எல்லார் குரலும் வரும். இன்றைக்கும் கேட்டால் நடித்துக் காட்டுவாள்.

பஸ் செஞ்சி வந்ததும் கண்டக்டர் பெட்டியை இறக்கி ஓரமாக வைத்துவிட்டு அடுத்த நடைக்குப் போய்விட்டார்; வெயில் சாயும்வரை அது அங்கேயே கிடந்திருக்கிறது. ஆள் இல்லை. பெட்டிமேல் வெள்ளைப் பெயிண்டில் என் நம்பரும் பெயரும். “இது அந்த ஊட்டுப் பட்டாளத்தான் பொட்டி ஆச்சே” என்று தெரிந்தவர்கள் இரண்டு பேர் அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்தார்கள். நாற்றத்துக்காக மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வாயைத் திறந்தால் அது உள்ளே போய்விடும் என்று பேசவும் இல்லை.

எங்கள் எதிர்வீட்டில் ஒரு பெரியம்மா இருந்தார். அவருக்கு இருந்தது ஒரே மகன். பெரிய சண்டைக் காலத்தில் பர்மாப் பக்கம் போனவன் வரவில்லை. அவன் கறுப்புப் பெட்டி மட்டும் வந்தது. பட்டாளத்தான் போய்விட்டால் பெட்டி தனியாக வரும் என்பதை எங்கள் தெரு அப்போதுதான் தெரிந்துகொண்டது. அந்தப் பெரியம்மா வாசலில் நின்று பெட்டியைப் பார்த்தார். பெட்டிக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று தெருக்கோடிவரை பார்த்தார். பிறகு மாரில் அடித்துக்கொண்டார்.

“பொட்டி மட்டும் வந்துச்சே! எனக்கு வந்தாப்புல பொட்டி மட்டும் வந்துச்சே!”

அவ்வளவுதான். தெரு கூடிவிட்டது. என் அம்மா மயங்கி விழுந்தாள். நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, ஏற்கெனவே மூச்சு இழுப்பு. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார். பெட்டியை நடுவீட்டில் வைத்து, தலைமாட்டில் மெழுகுவத்தி ஏற்றி, மேலே சிலுவையையும் வைத்தார்கள். எது தலைமாடு என்பதில் கொஞ்சம் தகராறு வந்ததாம். கடைசியில் பூட்டு இருக்கும் பக்கம் முகம் என்று முடிவு செய்தார்கள். சாமியார், எங்கள் பங்குப் பாதிரியார், வேறு ஊருக்குப் பூசைக்குப் போயிருந்ததால் உபதேசியார் வந்தார். தீர்த்தத்தைத் தூரத்திலிருந்தே எறிந்தார்.

வாசலில் ஆண்கள் பேசிக்கொண்டதைத் தங்கை ஒரு வார்த்தை விடாமல் வைத்திருக்கிறாள்.

“சண்ட நின்னு போச்சின்னு ரேடியோவுல சொன்னானே?”

“நிக்கறதுக்கு மொத நாளு போயிருப்பான்யா. இன்னிக்கி வரிக்கும் எதுக்கும் நேரத்துக்குப் போனதில்ல. இதுக்குப் போயிட்டான்.”

“வாசன வருதுய்யா. உள்ளயே வச்சி அனுப்பிட்டாங்க போலக்குது.”

“அந்தப் பொட்டியில முழு ஆளு எப்பிடிய்யா புடிக்கும்?”

“ஒல்லிதானே அவன்?”

“ஒல்லின்னாலும் ஒயரம் இருக்குதில்ல?”

என் மனைவி மட்டும் அழவில்லை. கொல்லையில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதை உள்ளங்கைக்குள் பிடித்துக்கொண்டாள். அவள் தலையில் அன்றைக்குக் காலையில் வைத்த கனகாம்பரம். பெரியம்மா அழுதுகொண்டே போய் அந்தப் பூவில் கை வைத்திருக்கிறார். வழக்கம் அது, யாராவது ஒருவர் செய்ய வேண்டியது. இவள் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“பெரிம்மா, உங்க புள்ள பொட்டி வந்தப்ப சாவி எங்க இருந்துச்சி?”

“கைப்பிடியில நூலு போட்டுக் கட்டி அனுப்பிச்சிருந்தாங்கடி, தாயே. அத ஏன்டி இப்பக் கேக்கற?”

“இதுல எங்க?”

பெரியம்மா கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். இல்லை.

“மறந்திருப்பாங்கம்மா” என்றாள் யாரோ ஒருத்தி.

“பொட்டிய மறக்கல, பூட்ட மறக்கல, சாவிய மட்டும் மறந்துட்டாங்களா? சாவி அவரு இடுப்புல இருக்குது. நான்தான் முடிஞ்சி வுட்டேன். அது வரட்டும். அப்புறமா எம்பூவுல கை வைங்க.”

“பொண்ணுக்குப் புத்தி பெரண்டு போச்சி” என்றார்கள். பூட்டை உடைத்து உள்ளே பார்த்துவிட்டால் தானாக அழுதுவிடுவாள், அழுதால்தான் நல்லது என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். நைனாவைக் கேட்டதற்கு அவர் துண்டுக்குள்ளேயே இருமினார். கடப்பாரை கொண்டுவர ஆள் போயிற்று. இவள் பெட்டியின்மேல் குப்புறப் படுத்துக்கொண்டாள். “பூட்டத் தொட்டா கைய ஒடிச்சிடுவேன்” என்று சொன்னாளாம், மாமனார் மாமியார் என்று பார்க்காமல். அந்தப் பூட்டு முழுசாக இருக்கும்வரை நான் உயிரோடு இருந்தேன், அவளுக்கு.

கோயிலில் மணி அடிக்க ஆரம்பித்தது அப்போதுதான். அப்போதுதான் நானும் ஊர் எல்லையில் லாரியிலிருந்து குதித்து, உடம்பெல்லாம் செம்மண்ணும் கடலைத் தோலுமாக, குறுக்குவழியில் நடந்து வந்துகொண்டிருந்தேன். ஜெபம் சொன்னேன் என்றேனே, அது அங்கே. தெரு முனை திரும்பியதும் கூட்டம் தெரிந்தது. கூட்டம் எங்கள் வீட்டு வாசலில் நின்றது.

எனக்கு வேறு யோசனையே வரவில்லை. நைனாவின் இழுப்பு! நான் மலையில் இருந்த காலமெல்லாம் பயந்தது அதற்குத்தான். எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்குப் போகிற ஆண் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, அழுதபடியே நுழைந்து, முதலில் அகப்படுகிறவரின் தோளில் விழுவான். யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. பார்க்கக் கூடாது என்பதுபோல ஒரு மரியாதை. நானும் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு ஓடினேன். கூட்டம் வழி விட்டது. முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வீறிட்டேன்.

“போயிட்டாரே! என்ன வுட்டுட்டுப் போயிட்டாரே!”

அவரும் என்னை இறுகக் கட்டிக்கொண்டார். “போயிட்டான்ப்பா! ஒரு வாய் தண்ணி ஊத்த ஆளில்லாம போயிட்டான்ப்பா!”

நான் அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். “ஏன், அம்மா எங்க போச்சி அப்ப? ஒரு வாய் தண்ணிகூடவா குடுக்கல?”

“அவ எப்பிடிப்பா போவா அவ்ளோ தூரம்?”

“அடுப்பங்கரையில இருந்து நடுவூட்டுக்கா?”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் இருமல் வந்துவிட்டது. நீளமாக இழுத்து, கடைசியில் விசில்போல முடிகிற இருமல். அந்த இருமலைக் கேட்டுத்தான் நான் பிறந்து வளர்ந்தேன். போய்விட்டவர் என் தோளிலேயே இருமிக்கொண்டிருக்கிறார்!

நான் துண்டை எடுத்தேன். அவர் துண்டையும் எடுத்தேன். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டோம். தீர்த்தச் செம்போடு நின்ற உபதேசியார் “சேசுவே!” என்றார். நைனா என் முகத்தைத் தடவினார், காதைத் தடவினார், மூக்கைப் பிடித்துப் பார்த்தார். பிறகு பளார் என்று ஓர் அறை.

“எங்கடா போன, பொட்டிய அனுப்பிட்டு?”

“வடகறி சாப்டப் போனேன் நைனா.”

பொய்யே பேசிப் பழகிய வாய் அன்றைக்குப் பார்த்து உண்மையைச் சொல்லிவிட்டது. பெண்கள் “ஆவி!” என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். கடப்பாரை கொண்டுவந்தவன் அதைத் தன் காலிலேயே போட்டுக்கொண்டான். மயங்கிக் கிடந்த அம்மா எழுந்து என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி மயங்கினாள்.

நான் உள்ளே போனேன். என் மனைவி பெட்டியின்மேலிருந்து எழுந்து நின்றாள். சுற்றிலும் மெழுகுவத்தி. என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. கையை நீட்டினாள்.

“சாவி.”

“ஏ புள்ள, நான் உசுரோட…”

“சாவிய எடுங்க மொதல்ல.”

அத்தனை பேருக்கும் முன்னால் இடுப்பில் கையை விட்டு, முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். வராது. அவள் போட்ட முடிச்சு அது. வருஷக்கணக்கான மழையும் வியர்வையும் குடித்துக் கல்லாகியிருந்தது. அவளே குனிந்து பல்லால் கடித்து அவிழ்த்தாள். உபதேசியார் கண்ணை மூடிக்கொண்டார். சிலுவையையும் மெழுகுவத்தியையும் ஒதுக்கிவிட்டு அவள் பூட்டில் சாவியைப் போட்டாள். திரும்பிற்று. டொக்கென்ற அந்தச் சத்தம் கேட்டதும் அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் அழுதாள்.

அந்த அழுகையை என்னால் முழுதாகப் பார்க்க முடியவில்லை. அதற்குள் பெட்டி திறந்துகொண்டது. நாளெல்லாம் பூட்டிக் கிடந்து, வெயிலில் பழுத்த அந்தப் பொட்டலங்களின் மணம் எழுந்து நின்றது. மீதியிருந்த கூட்டமும் வாசல் வழியாகவும் கொல்லை வழியாகவும் பறந்தது. நாகா மலையில் குண்டு வெடித்தபோதுகூட அப்படி ஓர் ஓட்டத்தை நான் பார்த்ததில்லை. தீர்த்தச் செம்பு உருண்டு கிடந்தது.

ஓடாதவர் ஒருவர் உண்டு. பெரியம்மா. அவர் பெட்டியின் அருகே உட்கார்ந்து உள்ளே கையை விட்டு, என் சட்டையைத் தொட்டார், டம்ளரைத் தொட்டார், சவர டப்பாவைத் திறந்து மூடினார். பிறகு நிமிர்ந்து என் கன்னத்தைத் தொட்டார்.

“எம்புள்ள பொட்டியிலயும் இதெல்லாம் இருந்துச்சி. பின்னால ஆளு இல்ல, அதாம்ப்பா” என்றார். என் மனைவி நகர்ந்து போய் அவர் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். கசங்கிப்போன கனகாம்பரத்தை அவர்தான் நேராக்கிவிட்டார்.

கோயில் மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. யாரோ ஓடிப்போய் நிறுத்தினார்கள். மணிக்காரர் நேராக உபதேசியாரிடம் வந்தார்.

“செத்தவனுக்கு அடிச்சிட்டேன். இப்ப இன்னா பண்ணச் சொல்றீங்க? அடிச்ச மணிய வாபஸ் வாங்க முடியுமா?”

உபதேசியார் யோசித்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். “பாஸ்கு மணிய அடிச்சிடு” என்றார். ஆண்டவர் உயிர்த்தெழுந்த நாளுக்கு மட்டும் அடிக்கிற மணி. சாமியார் திரும்பி வந்து அதற்காக இரண்டு பேரையும் வைத வசவு தனிக்கதை. ஆனால் அன்றைக்கு அந்த மணியைக் கேட்டுத் தெரு சிரித்தது. சாவு வீட்டுக்கு என்று பக்கத்து வீடுகளில் ஆக்கி அனுப்பிய சோற்றை எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். “உன் கருமாதிச் சோறுடா, நல்லா சாப்பிடு” என்று எனக்கு இரண்டு கை அதிகமாக வைத்தார்கள்.

மறுநாள் அந்தப் பயற்றில் கருவாடும் போட்டு மனைவி குழம்பு வைத்தாள். முதல் வாய் வைத்ததும் இன்னொரு வாய் அள்ளினாள். “இதப் புளிக்க வச்ச கைக்கு முன்னால எங்கம்மா ஊட்டுக் கருவாடு நிக்காது” என்றாள். அவள் தோற்றதாக ஒப்புக்கொண்டது அந்த ஒரு முறைதான். அந்த அம்மாவையும் மகனையும் பற்றிச் சொன்னேன்.

“அந்தப் பையன் ஊட்டுக்கு வந்துட்டானில்ல?”

“வந்துட்டான்.”

“அவங்க அம்மாவும் எத்தினி நாளு பாத்துக்கினு இருந்திருப்பாங்க” என்றாள். பிறகு என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். “வடகறியாம், வடகறி.”

லீவு முடிந்து நான் கிளம்பியபோது பெட்டியைப் பூட்டினாள். சாவியைப் புதுக் கயிற்றில் பழையபடி இறுக்கி முடிந்தாள். பெட்டிக்குள் ஒரு பெரிய கருவாட்டுப் பொட்டலம், அந்த அம்மாவுக்கு. திண்டிவனத்தில் நான் எதையும் சாப்பிடவில்லை. ரயிலில் பலகை முழுவதும் எனக்கே கிடைத்தது.

மலையில் இன்னும் யாரும் யாரையும் சுடவில்லை. வளைவுகளில் நான் பேசிக்கொண்டே நடந்தேன். வாசலில் பொட்டலத்தை அந்த அம்மாவிடம் கொடுத்தேன். அவள் முகர்ந்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூக்கைப் பிடித்துக்கொண்டு துபாஷியிடம் ஏதோ சொன்னாள்.

“உன் பெண்டாட்டி இதற்கு அடியில் என்ன ஒளித்து வைத்திருக்கிறாள் என்று கேட்கிறாள்” என்றார் அவர்.

“ஒன்றும் இல்லை” என்றேன். அவள் நம்பவில்லை. நான் ஒருநாளும் செய்யாத வேலையை அவள் செய்தாள்: ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையை உள்ளே விட்டு, அடிவரை துழாவிப் பார்த்தாள்.